பேக்கப்பின் வயிற்றில் பேக்கப்

பெயிண்ட் கடையில் கணக்குப் பார்க்கும் அவரை எல்லோரும் பேக்கப் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவிக்கு மூன்று நகல் என்று வாழ்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி, பழைய கம்ப்யூட்டரில் தானே நிறுவி, அதைக் குடோனில் டின்களுக்கு நடுவே குடிவைத்தவரும் அவர்தான்.

அது மறுபடியும் படுத்துக்கொண்டது. பில் போட்டால் வெள்ளைத் திரை. கடை முதலாளி அவருடைய சொந்த அக்கா.

"இன்னைக்குள்ள சரியாகலேன்னா மாசாமாசம் பணம் கட்டுற வாடகை சாஃப்ட்வேர்தான். நீ பெயிண்ட் கலக்கப் போ."

"அதுல நம்ம கணக்கு எவன் வீட்டுலயோ கிடக்கும்க்கா."

"இப்ப மட்டும் என்ன, டர்பன்டைன் பக்கத்துலதானே கிடக்கு?"

டிஸ்க்கில் இடமில்லை என்றது பிழைப் பதிவு. இடத்தைத் தின்றது யார் என்று தேடினார். அவர்தான். தினமும் சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரை அப்படியே நகலெடுக்கச் சொல்லியிருந்தார். நகல்களைப் போட்டு வைத்த இடமும் அதே ஃபோல்டருக்குள்தான். ஒவ்வொரு நகலும் முந்தைய நகல்களையெல்லாம் விழுங்கி ஊதிக்கொண்டே போயிருந்தது.

அதைவிட மோசமான சந்தேகம் ஒன்று வந்தது. வீட்டிலிருந்தும் கணக்குப் பார்க்க வசதியாக அந்த ஃபோல்டரை இன்டர்நெட்டோடு இணைத்திருந்தார். செல்போனை எடுத்து, பாஸ்வேர்டு எதுவும் கொடுக்காமல் நகலின் முகவரியைத் தட்டினார். சமர்த்தாக இறங்க ஆரம்பித்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கதவுக்குப் பெரிய பூட்டாப் போட்டுட்டு, பெட்டியைத் தெருவுல வச்சிருக்கேன்க்கா."

"எதிர்க்கடைக்காரன் பார்த்திருப்பானா? யாருக்கு என்ன தள்ளுபடின்னு எல்லாம் அதுல இருக்கே."

யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவை மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஒருத்தரும் எட்டிப் பார்க்கலக்கா."

"அது வேற அவமானம்."

வெளியிலிருந்து அந்த ஃபோல்டருக்கு வரும் வழியை அடைத்தார், பாஸ்வேர்டுகளை மாற்றினார். கடைசிக் கணக்கை மட்டும் தனி டிஸ்க்கில் எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்தார். காலையில் போட்ட பில் வரை இருந்தது. இனிப் பழைய நகல்களை அழிக்க வேண்டியதுதான் பாக்கி. மௌஸ் மேலிருந்த விரல் அசையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு வச்சுக்கட்டுமா?"

"அழிடா."

அழித்தார். பில் மெஷின் கனைத்துக்கொண்டு காகிதத்தைத் துப்பியது. அக்கா டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இது என் வீட்டு பீரோவுல இருக்கும். நீ உன் நாற்காலியிலயே இரு."

அவர் தலையாட்டினார். அவள் வாசலைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"பீரோவுக்கு ஒரு சாவிதானாக்கா?"