இரண்டாம் பிரதிவாதி

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் அண்ணன் மகன் சித்தூர் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டான். முதல் பிரதிவாதி, சத்தியவேட்டில் எங்கள் பழைய நிலத்தை உழுதுகொண்டிருந்தவர். இரண்டாம் பிரதிவாதி நான். எங்களிடம் கூலிக்கு உழைத்த அவருக்கு அந்த நிலத்தை என் நைனா முழு விலைக்கு விற்றிருந்தார். பதிவு மட்டும் செய்யவில்லை. அப்போது கூட இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன். என் சொல் போனால் அவருக்கு நிலம் போகும்.

அந்த வறட்டு மண்ணை வருஷக்கணக்காக எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் தொழிற்சாலைகள் வந்ததும் அமெரிக்காவில் இருந்தவனுக்குத் தாத்தா சொத்தின்மேல் பாசம் பொங்கிவிட்டது. நானும் உழவரோடு கூட்டுச்சதி என்று எழுதினால் என் பேச்சு எடுபடாது என்பது அவன் வக்கீலின் கணக்கு. ஏழு வாய்தாவுக்குப் பஸ் மாறிப் போனேன். ஏழிலும் அந்த வக்கீல் இருமினார், வேறு தேதி கேட்டார், போனார்.

பிறகு அண்ணன் மகனுக்குத் திருப்பதியில் பெண் பார்த்தார்கள். அண்ணன் உயிரோடு இல்லை. தகப்பன் இடத்தில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்ற வேண்டியவன் நான். சித்தப்பன்மேலேயே கேஸ் போட்டவனுக்குப் பெண் இல்லை என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

லீவில் வந்தவன் ஐந்து ஆப்பிளோடு என் வீட்டுக்கு வந்தான்.

"சித்தப்பா, கேஸ்லேர்ந்து உங்க பேரை எடுக்கச் சொல்லிட்டேன். நிம்மதியா இருங்க."

"சதிகாரன்னு எழுதினியே, அது இன்னா ஆச்சி?"

"அது வக்கீல் எழுதினது. சும்மா ஃபார்மாலிட்டி."

எட்டாம் வாய்தாவில் வக்கீல் மனு கொடுத்தார். இரண்டாம் பிரதிவாதி நீக்கம் என்றார் நீதிபதி. வராந்தாவில் உழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்களும் பூட்டா நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

"எங்கயும் போவலைய்யா. இனிமே எனக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்ல. அப்படிப்பட்டவன் சொன்னாத்தான் எடுபடும். என்னைச் சாட்சியாப் போடச் சொல்லு உன் வக்கீலை."

இவ்வளவு படித்தவர்களுக்கு இது தோன்றவில்லை. தாம்பூலம் மாற்றினேன். பத்திரிகையில் முதல் பெயர் என்னுடையது. கல்யாண இலையில் பதினேழு வகை. உப்பு சரியாக இருந்தது ரசத்தில் மட்டும்.

அடுத்த மாதம் கூண்டில் ஏறி, நைனா விற்றதைச் சொன்னேன். வக்கீல் இருமிவிட்டு எழுந்தார்.

"வாதிமேல் உமக்குப் பகை. அதனால்தானே இப்படிச் சொல்கிறீர்?"

"பகையா? தகப்பன் இடத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தவன் நான். பந்தியில் எனக்கு எதிரில்தானே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்?"

நீதிபதி எழுதிக்கொண்டார். வக்கீலுக்கு இருமல் நின்றுவிட்டது.

நிலம் உழவருக்கே என்று தீர்ப்பானது. அன்று அமெரிக்காவிலிருந்து போன்.

"மோசம் பண்ணிட்டீங்களே, சித்தப்பா!"

"நீ கொண்டாந்த அஞ்சு ஆப்பிள்ல ஒண்ணு அழுகல்" என்று சொல்லி, போனை வைத்தேன்.