பதின்மூன்றும் நாலு கோடும்

போன வாரம் பேத்திக்கு மருந்து வாங்கச் செங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்றிருந்தேன். ஒரு மினி லாரி டீக்கடை ஓரமாக வந்து நின்றது. பின்னால் கொம்பில் பச்சை பெயின்ட் அடித்த காளை. கூட நாலு இளைஞர்கள், நாலு பேருக்கும் ஒரே மாதிரி பனியன், முதுகில் காளையின் பெயர். மாடு விடுகிற விழாவுக்குப் போகிறார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் லாரியிலிருந்து ஊறவைத்த பருத்திக்கொட்டை வாசனை வந்தது பாருங்கள், மருந்தை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

ஊறிய பருத்திக்கொட்டைக்கு ஒரு கொழகொழத்த, லேசாகப் புளித்த வாசனை. பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது ஜமுனாமரத்தூர் மலையில் நான் வாத்தியாராக இருந்த மூன்று வருஷத்தின் வாசனை. எழுபதுகளின் கடைசி. நடுநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். இருபத்து நாலு வயது, அரும்பு மீசை, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம். அந்த மீசை அப்புறம் சரியாக வளர்ந்தது. அந்த எண்ணத்துக்கு என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பள்ளிக்கூட பீரோவில் விளையாட்டுச் சாமான் பெட்டி ஒன்று இருந்தது. காற்றுப் போன இரண்டு பந்து, கிழிந்த வலை, ஒரு விசில், அப்புறம் ஒரு ஸ்டாப் வாட்ச். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். ஒவ்வொரு வினாடியையும் ஐந்து சின்னக் கோடாகப் பிரித்திருக்கும். அதை வைத்துப் பையன்களை ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே ஓர் ஆள் நின்று என்னையே பார்த்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. நிற்கும்போதே ஒரு கால் மாற்றி ஒரு கால் நிற்பார்.

"சார், அது மாட்டுக்கும் ஓடுமா?"

அவர்தான் பொன்னன். சாமையும் புளியும் விளைகிற நாலு துண்டு நிலம். ஆனால் மனிதருக்கு உயிர் மாட்டில். மலையடிவாரத்து ஊர்களில் தை, மாசியில் மாடு விடுகிற விழாவுக்குக் காளை பழக்குவார். தெற்கத்திக்காரர்கள் இதை ஜல்லிக்கட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே யாரும் மாட்டைப் பிடிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய தெருவில் ஒவ்வொரு மாடாக விடுவார்கள். இருநூறு கஜத்தை எது சீக்கிரம் கடக்கிறதோ அதற்குப் பரிசு. பரிசைவிடப் பேச்சுதான் பெரிசு. ஜெயித்த மாட்டின் பெயரைச் சொல்லித்தான் அடுத்த வருஷம் வரை அந்த வீட்டுக்கு அடையாளம் சொல்வார்கள்.

அந்த வருஷம் பொன்னனிடம் இரண்டு காளை. ஒன்று கருவாயன். வெள்ளை உடம்பு, வாய் மட்டும் கறுப்பு. அவர் மனைவி காசியம்மா பிறந்த வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்தது. சாது. இன்னொன்று செவலை. மனிதர்களைக் கண்டாலே மிரளும், கயிற்றைப் பிடித்தால் எட்டு ஊருக்குக் கேட்கக் கத்தும். சாமை பொய்த்த வருஷம் அது. வைக்கோலுக்கும் தட்டைக்கும் மலை முழுக்கத் திண்டாட்டம். இரண்டு ஓட்டக் காளைக்குத் தீனி போட முடியாது, பொங்கலுக்கு முன் ஒன்றை விற்றே ஆகவேண்டும். மலையடிவாரத்துப் படவேட்டில் ஒரு கரும்புத் தோட்டக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று காத்திருந்தார். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது? இதுதான் பொன்னனைப் பிடித்து ஆட்டியது. ஜெயிக்கிற மாட்டை விற்றுவிட்டால் அவர் காலத்துக்கும் அது ஆறாது.

அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். ஜன்னலில் அவர் தலை தெரியும்.

"சார், நேத்து செவலை ஓடி முடிச்சதும் இடது காதை மட்டும் ஆட்டுச்சே, பாத்தீங்களா? இன்னாத்துக்கு ஆட்டுச்சு?"

வகுப்பே சிரிக்கும். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. "ஈயாக இருக்கும்" என்பேன். அவருக்குச் சமாதானம் ஆகாது. மத்தியானம் மறுபடி வருவார். கருவாயன் தண்ணீர் குறைவாகக் குடித்தது, செவலையின் சாணி இறுகிப்போனது, யாரோ சந்தையில் பார்த்துக் கண் வைத்துவிட்டார்கள், குளம்பில் கல் ஏறியிருக்குமோ, பருத்திக்கொட்டை அதிகமாகி வயிறு மந்தமோ. உட்கார்ந்து பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. பேசிக்கொண்டே நாலு அடி போவார், திரும்பி வருவார். அவரோடு பேசினால் எனக்கும் கால் நிற்காது. பக்கத்து வகுப்பு வாத்தியார், "உங்களுக்கும் கொள்ளு வைக்கணுமா சார்?" என்று கேட்டார்.

ஊருக்கு மேற்கே நீளமான மண்பாதை ஒன்று உண்டு. அதில் இருநூறு கஜம் அளந்து இரண்டு முனையிலும் கல் நட்டோம். மேல்முனையில் பொன்னன் மாட்டை அவிழ்த்துவிடுவார். கீழ்முனையில் காசியம்மா முறத்தில் பருத்திக்கொட்டையைக் குலுக்கிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் வாட்சோடு நான். கருவாயனைச் சாயங்காலம் பள்ளி விட்டதும் ஓட்டுவோம். வெயில் சாய்ந்து பாதை பளிச்சென்று தெரியும். கயிற்றை விட்டதும் பொன்னன் துண்டை வீசுவார், நான் வாட்சை அமுக்குவேன். செவலைக்கு ஆள் நடமாட்டம் ஆகாதே, அதனால் அதற்கு விடியற்காலை. மார்கழி மாதம். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது, துண்டு எங்கே தெரியப் போகிறது? ஆகவே அவர் "உட்டேன்!" என்று கத்துவார், குரல் கேட்டதும் நான் அமுக்குவேன். கொஞ்ச நேரத்தில் தடதடவென்று பனிக்குள்ளிருந்து செவலை வந்து விழும். அந்தக் குளிரில் அதன் மூக்கிலிருந்து புகை வருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எத்தனை முறை ஓட்டினாலும் கருவாயன் பதினாலு வினாடி. செவலை பதின்மூன்றும் நாலு கோடும். ஒரே ஒரு கோடு செவலைக்குச் சாதகம்.

பொன்னனுக்கு ஆச்சரியம். "என் கண்ணுக்குக் கருவாயன்தான் சார் முன்னால போவுது. அதோட பின்னங்கால் உழுற எடத்தப் பாருங்க, முன்னங்கால் தடத்தத் தாண்டி உழுது."

"கண்ணு ஏமாத்தும் அண்ணா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

காசியம்மாவுக்குத்தான் மனசே இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டக் கண்ணால பாத்து வளத்தோம். இப்ப கடியாரத்தப் பாத்து விக்கறதா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, புருஷனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சார் சயின்ஸ் படிச்சவரு. கடியாரம் பொய் சொல்லுமா? சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் பொன்னன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மறுவாரம் கருவாயன் படவேட்டுக்கு இறங்கிப் போனது. காசியம்மா அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

விழா படவேட்டுக்குப் பக்கத்து ஊரில், மாசி மாதம். அதற்குள் பொன்னன் இன்னும் இளைத்துப் போனார். செவலைக்கு முட்டை, தேங்காய், பேரீச்சம்பழம். தனக்குக் கேழ்வரகுக் களி, அதையும் பாதியில் எழுந்துவிடுவார். "பதிமூணும் நாலு கோடும் தெருவுலயும் வருமா சார்?" என்பதே பேச்சு. வரும், வரும் என்றேன்.

அன்றைக்கு ஓட்டம் முடிகிற முனையில் ஒரு மாடி வீட்டுக் கூரைமேல் எனக்கு இடம் கிடைத்தது. வாட்ச் கையில். மாடு விடுகிற எதிர்க்கோடியில் ஒரு மாட்டுவண்டிமேல் பம்பைக்காரர் நின்றிருந்தார். மாடு கிளம்பும்போது பம்பையில் ஓங்கி ஓர் அடி, அதுதான் கணக்கு. முதல் மாடு வந்தது. பம்பைக்காரரின் குச்சி இறங்கியதைப் பார்த்தேன். மாடு பாய்ந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் 'டம்' என்ற சத்தம் என் காதுக்கு வந்தது.

இரண்டாவது மாடு. குச்சி இறங்கியது. மாடு பாய்ந்தது. அப்புறம் 'டம்.'

கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். ஒளி முன்னால் வரும், ஒலி பின்னால் வரும். மின்னலும் இடியும். அந்த மார்கழியில்தான் அதே பாடத்தை எட்டாம் வகுப்புக்கு நடத்தி, அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேள்வியும் கேட்டிருந்தேன். விடியற்காலைப் பனியில் பொன்னனின் குரல் இருநூறு கஜம் நடந்து வருவதற்குள் செவலை ஓட ஆரம்பித்துவிட்டது. நான் அரை வினாடி பிந்தி அமுக்கியிருக்கிறேன். அரை வினாடி என்றால் இரண்டரைக் கோடு. துண்டைப் பார்த்து அமுக்கிய கருவாயனுக்கு மட்டும் சரியான நேரம். பொன்னனின் கண் சொன்னதுதான் நிஜம். கீழே தெருவில் அவர் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டு என்னைத் தேடி அண்ணாந்து பார்த்தார். நான் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

கருவாயன் முதல் பரிசு. புது எஜமானர் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். செவலை ஐந்தாவதோ ஆறாவதோ. பொன்னன் செவலையை ஊர்க்காரர்களோடு அனுப்பிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். மலை ஏறும்போது, "கீழ போய்க் கரும்புத் தோகை தின்னுது. நல்ல தண்ணி. அதான் ஓடுச்சு. என்னாண்ட இருந்திருந்தா ஓடியிருக்காது சார்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. செவலையை மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நான் பனி வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம் என்றேன். துண்டைப் பார்த்து அமுக்கினேன், பதினாலும் இரண்டு கோடும் வந்தது. அடுத்த வாரமும் அதே. மாடு தன் கையில் கெடுகிறது என்று முடிவே கட்டிவிட்டார். தீனியை மாற்றினார், கொட்டகையின் வாசலை மாற்றினார், குறி கேட்டார். கடைசியில் ஒருநாள், "செவலையச் செங்கம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போய்ட்டு இத்தோட உட்டுர்றேன் சார். என் கண்ணுக்கும் மாடு தெரியல, என் கைக்கும் ராசி இல்ல" என்றார்.

புளி உலுக்குகிற பருவம். அவர் நிலத்தில் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்ச்சரிவில் ஒருவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அங்க பாருங்க. கோடாலி விழுந்திடுச்சா?"

"உழுந்துச்சு."

"சத்தம்?"

"இப்பத்தான் வருது. அதுக்கின்னா?"

சொல்லிவிட்டேன். துண்டு, பனி, குரல், கோடு எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் அசையாமல் நின்றார். அந்த மனிதர் ஒரே இடத்தில் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் சொன்னார். கொஞ்சம் கழித்து, "எனக்குந்தான் தெரியும். நீங்க கையில அத்த வெச்சிகினு நின்னீங்களா, எனக்குக் கேக்கத் தோணல" என்றார். அப்புறம் அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. "அப்போ என் கண்ணு சரியாத்தான் பாத்துது."

அவர் செவலையை விற்கவில்லை. மாடு பழக்குவதையும் விடவில்லை. என்னை மட்டும் மறுபடி கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் "நல்லா கீறீங்களா சார்?" என்பார், நிற்க மாட்டார். அடுத்த வருஷம் எனக்குச் செங்கத்துக்கே மாற்றல் வந்தது.

மலையைவிட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை படவேட்டுக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். கரும்புத் தோட்டத்து வேலிக்கு வெளியே பொன்னன் நிற்கிறார். உள்ளே கருவாயன். அவரைக் கண்டதும் அது கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமும் வந்து, வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"தடவிக் குடுங்களேன் அண்ணா, பாவம்" என்றேன்.

"ஓட்டத்துக்குப் பழக்கற மாட்ட வேத்துக் கை தொடக்கூடாது சார். ஓட்டம் கெட்டுப் பூடும்" என்றார். சொல்லிவிட்டு மாட்டின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவாயன் போய்விட்டது. பொன்னனும் போய்ப் பல வருஷம் ஆகிறது. மண்பாதையில் தார் ஊற்றி மினி பஸ் ஓடுகிறது, நாங்கள் நட்ட கல் எதுவும் இல்லை. அந்தக் கரும்புத் தோட்டமும் இல்லை. அது இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். உறவுக்காரப் பையன் கல்யாணத்துக்கு அங்கே போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். வேலி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், சோறு இறங்கவில்லை.

பக்கத்து இலைக்காரர் என் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், சாப்பாடு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.