ரசீன் நானா குறைத்துக் கட்டிய சோறு

ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு படிப்பிக்கும் மல்லிகா டீச்சரின் அழைப்பு வந்தது. "ரசீன் நானா போயிட்டாராம் டீச்சர். விடியக்காலையில நெஞ்சுவலி." கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற மனிதரா அவர்?

பிலிமத்தலாவையில் நம் பாடசாலைக்கு எதிரே இருக்கும் அவருடைய சாப்பாட்டுக் கடையை நம்மில் அறியாதவர் யார்? நமது பகல் பார்சல் அங்கிருந்துதான் வரும். இந்தப் பக்கத்தில் ஒரு கடைக்குப் பெயர் கிடைப்பதே சோற்றின் அளவால்தான். பார்சலைக் கையில் தூக்கிப் பார்த்தே ஆட்கள் கடை மாறுவார்கள். நானாவின் பார்சல் செங்கல் கனம் கனக்கும்.

ஒருநாள் என்னுடையது மட்டும் இலேசாக இருந்தது. எனக்குச் சீனி வருத்தம். இப்படியே விட்டால் கண் பார்வை போகும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். கரும்பலகையில் நான் எழுதிய எழுத்தே எனக்கு மங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பயத்தை நான் கடையில் நின்று மல்லிகா டீச்சரிடம் சொன்னது நானாவின் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அது எங்கே தெரியும்? ரோட்டைக் கடந்து போய்ச் சண்டை பிடித்தேன்.

"எனக்கு மட்டும் ஏன் நானா கொறச்சல்? நான் என்ன சின்னப் புள்ளையா?"

அவர் பதறவில்லை. பார்சலை விரித்துக் காட்டினார். பாதிக்கு மேல் வல்லாரைச் சம்பலும் போஞ்சியும் கீரைச் சுண்டலும். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு, ஒரு துண்டு மீன். "மொதல்ல கீரையையும் மரக்கறியையும் சாப்பிடுங்க டீச்சர். பொறகும் பசிச்சா வாங்க, சோறு தாரேன்." இரண்டு நாள் வீம்புக்குப் போய் வாங்கினேன். மூன்றாம் நாள் பசிக்கவில்லை.

அப்படியும் சீனி இறங்கவில்லை. ராவைக்கு என்ன சாப்பாடு என்று நானா விசாரித்தார். "சோறே தொடுறதில்ல நானா. மூணு ரொட்டிதான்" என்றேன் பெருமையாக. ஹேவாஹெட்டத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். கோதுமை மா ரொட்டியை நாங்கள் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, தேத்தண்ணிக்குத் துணையாகத்தான் வைத்திருக்கிறோம். நானா வாய்விட்டுச் சிரித்தார். "சோத்த வாசலால அனுப்பிட்டு ஜன்னலால கூப்பிட்டீக்கிறீங்க." வெட்கமாகப் போய்விட்டது. அன்றிரவு முதல் ஒரே ரொட்டி, கூடவே நிறையப் பருப்பும் கீரையும். தேத்தண்ணிச் சீனிக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது: "ஒரேயடியா விட வேணாம். நாக்குக்குத் தெரியாம அரைக் கரண்டி அரைக் கரண்டியா கொறைங்க."

சில மாதங்களில் சீனி இறங்கியது. கண்ணுக்கு இப்போதைக்குப் பயமில்லை என்றார் டொக்டர். ரிப்போட்டை நானாவிடம் கொடுத்தேன். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்ப்பவர்போல இரண்டு தரம் வாசித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற பின், ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் அவருடைய மனைவியின் பக்கத்தில் போய் அமர்ந்தேன். "ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துக் கட்டுவாரு டீச்சர்" என்றார் ராத்தா. "அவர் மட்டும் மூணு மணிக்கு, சட்டியில மிஞ்சின எண்ணெய்க் கறியோட நின்டுகிட்டே சாப்பிடுவாரு. பிரஷர் பாருங்கன்டா, நாளைக்கு என்டுவாரு."

இத்தனை வருடமாக அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். "நீங்க என்ன சாப்பிட்டீங்க நானா?" என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் அதை நினைத்துத்தான் அழுதேன்.

ராத்தாவும் பிரஷர் பார்த்து வெகு காலமாம். கணவரை இழந்ததால் இப்போது அவர் இத்தா இருக்கிறார், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போக மாட்டார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் தாதியான என் தங்கையைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கிற குணம்தான் நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

போன வெள்ளிக்கிழமை ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட தட்டுல ஒங்களுக்கு என்ன வேல டீச்சர்?"

தட்டை என் பக்கம் இழுத்தேன். ஒரு பிடி சோற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீரையை வைத்தேன்.