ஒரு வெளிச்சம், நான்கு புள்ளிகள்

அத்தை பெங்களூருக்கு நேர்காணலுக்குக் கிளம்ப இருந்த நாளுக்கு முந்தின மதியம், அவளுடைய படத்தை நான் திருத்தினேன். கெடுத்தேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சென்னையில் இயற்பியல் முடித்துவிட்டு, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டிருந்தாள். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நேர்காணலில் காட்ட வேண்டிய தாள்களைப் பரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அதில் ஒரு வண்ணப் படம். கறுப்பு வானத்தில் மங்கலாக ஒரு திட்டு. அதைச் சுற்றி ஒரே மாதிரி நான்கு வெள்ளைப் புள்ளிகள். பள்ளிக் கேள்வித்தாளில் எழுத்துகள் இரட்டையாக விழுவதைப் பார்த்துப் பழகியவள் நான். ஒரு நட்சத்திரம் தவறுதலாக நான்கு தடவை அச்சாகிவிட்டது என்று முடிவு செய்து, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மூன்றைப் பொறுப்பாக மூடினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அத்தை, படத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அடிக்காதீங்க அண்ணி," என்ற அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி அழிச்ச?"

"ஒண்ணே நாலு வாட்டி வுழுந்துக்கினு இருந்துச்சு."

அத்தை படத்தைக் கையில் எடுத்தாள். "ஒண்ணுதான், அத சரியா கண்டுபுடிச்சிட்ட. ஆனா அச்சுல வுழுந்த தப்பு இல்ல. வானத்துலயே அப்படித்தான் தெரியுது."

அது குவேசார் என்றாள். எங்கோ ஒரு பெரிய கருந்துளையைச் சுற்றி வாயு கொதித்துச் சுழலும்போது வரும் வெளிச்சம். நடுவில் இருந்த திட்டு ஒரு நட்சத்திர மண்டலம், கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். குவேசார் அதற்கு வெகு தூரம் பின்னால் இருக்கிறதாம்.

"பின்னால இருக்கறது எப்படிம்மா தெரியும்? மலைக்கு அந்தாண்ட இருக்கற ஊரு நமக்குத் தெரியுதா இன்னா?" என்றாள் அம்மா.

"மலை மறைச்சிடும் அண்ணி. இந்த மண்டலம் தன்னோட கனத்தால வெளிச்சத்த வளைச்சு, நாலு வழியா அனுப்புது."

அம்மா நம்பவில்லை. அத்தை எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த, காம்பு வைத்த ஆறு கண்ணாடி ஐஸ்கிரீம் கிண்ணங்கள் அதில் இருந்தன. அவற்றில் யாரும் எதுவும் தின்றதில்லை. ஒன்றை எடுத்து வாசற்படியில் தட்டி, காம்பை உடைத்து, அடித்தட்டை மட்டும் தனியே எடுத்தாள்.

தாளில் ஒரு மைப்புள்ளி வைத்து, அதன்மேல் அந்தத் தட்டைப் பிடித்தாள். புள்ளி வளையமாக விரிந்தது. லேசாகச் சாய்த்தாள். வளையம் அறுந்து நான்கு புள்ளிகளாக நின்றது. நான் மூக்கு தாளில் முட்டக் குனிந்தேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். தட்டை வாங்கித் தானே சாய்த்துப் பார்த்தாள்.

"நாலும் வேற வேற நட்சத்திரமா இருந்தா?" என்று கேட்டேன்.

"வானவெளி விரிஞ்சிக்கினே இருக்குது. வர்ற வழியில வெளிச்சமும் நீண்டு, செவப்புப் பக்கம் நகரும். அதுக்குச் செம்பெயர்ச்சின்னு பேரு. ரொம்ப எட்டத்துலேருந்து வந்தா ஜாஸ்தி. நாலு புள்ளியிலயும் அது ஒரே அளவு. நடுவுல இருக்கறதுல கம்மி. அப்ப நாலும் ஒரே ஆளு, நடுவுல இருக்கறது நமக்குக் கிட்ட."

படத்தை மறுபடி அச்செடுக்க அம்மாவே எங்களைக் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் கூட்டிப்போனாள். உடைந்த கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தைக்கு அந்த இடம் கிடைத்தது. இன்றும் அவள் செய்வது அதே ஆராய்ச்சிதான்.

அன்று பேருந்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தையிடம் கேட்டேன்: "அது எப்பக் கிளம்புன வெளிச்சம்?"

"அப்ப பூமியே கெடையாது."

"இப்ப அது அங்க இருக்குதா?"

"தெரியாதுடி," என்றாள் அத்தை.

எங்கள் வீட்டில் தெரியாது என்பது தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டிய வார்த்தை. அதைச் சொல்லும்போது அவள் முகம் ஏன் அவ்வளவு மலர்ந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.