சில்லென்றிருந்த பாட்டில்

என் மிளகில் எடைக்காக ஒரு பப்பாளி விதைகூடக் கலந்திருக்காது. எங்கள் மலையில் செம்மேடு சந்தையில் இதைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. குடலில் பெரிய ஆபரேஷன் முடிந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், மலையடிவாரத்துக் காரவள்ளிக்கார நர்சம்மாவிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தினமும் சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். அது கூடினால் நுரைக்குமாம்; குறைந்தால்தான் வீட்டுக்கு விடுவார்களாம். மலையிலோ மிளகு பழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் பாட்டிலில் நுரையைப் பார்த்ததும், குழாயைத் திறந்து பாதிக்கு மேல் தண்ணீர் கலந்துவிட்டேன்.

பாட்டிலை வாங்கிய நர்சம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இப்பப் புடிச்சது சில்லுனு இருக்குதுங்களே?"

நான் தண்ணீர்க் குழாயைக் கைகாட்டினேன்.

"இதுல புரதம் கூடுனா நுரையீரல்லயும் நீர் கோக்கலாமுங்க. மூச்சு முட்டறதுக்கு முந்தியே இது காட்டிக் குடுத்துரும். இதுல போயி பப்பாளி விதை கலக்கலாமுங்களா?"

சத்தம் போடாமல் வேறு பாட்டில் கொடுத்தார். அதில் புரதம் கூடித்தான் இருந்தது. மூச்சுப் பயிற்சி, மருந்து என்று இன்னும் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அதற்குள் கொஞ்சம் மிளகு உதிர்ந்துவிட்டது. பரவாயில்லை, புண் ஆறியதும் மிச்சத்தை ஏணியில் நின்று மூச்சு வாங்காமல் நானே பறித்தேன். சந்தையில் இப்போது பெருமை பேசுவதில்லை. யாராவது மிளகைக் கையில் அள்ளினால், "நல்லாப் பாத்து வாங்குங்க" என்கிறேன்.