மனூசோஸுக்கு ஏறாத போதை

கிரீட் தீவின் அந்த மலையூரில் ‘குடிகார ஜார்ஜ்’ என்றே ஒரு புனிதர் உண்டு. நவம்பரில் அவருடைய திருநாளன்றுதான் புது ஒயின் பீப்பாயைத் திறப்பார்கள். புனிதருக்கே அந்தப் பட்டம் என்றால், தேவாலயத்தில் பாடுகிற மனூசோஸை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? சொல்லும்படிதான் நடந்துகொண்டார். போன திருநாளில் பீப்பாயை ருசி பார்த்துவிட்டு வந்து, நவம்பர் மாதத்தில் ஈஸ்டர் பாட்டை எடுத்துவிட்டார். பாதி ஜனம் பழக்கதோஷத்தில் ஈஸ்டருக்கு ஏற்றும் மெழுகுவத்தியைத் தேடியது.

போதைக்குக் கிரேக்கத்தில் ‘மெதி’ என்று பேர். பாதிரியார் நெக்தாரியோஸ் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை உம்மை மெதியில பார்த்தேன்னா, உம்ம மக கல்யாணத்துக்கு டவுன்லேருந்து வேற பாடகரைக் கூட்டியாந்துடுவேன்.”

மனூசோஸ் பதறிப்போனார். ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் நிருபம் என்கிற வேதக் கடிதத்தை வாசித்தவர், சொந்த மகள் காரிக்லியாவின் கல்யாணத்தில் சும்மா நிற்பதா? ஆனாலும் வாய் அடங்குமா?

“சாமி, வேதத்துல மெதின்னா வெறும் போதைன்னு யார் சொன்னா? கடவுள் மழை பெய்யவச்சு பூமிக்கு மெதி ஏத்துனார்னு சங்கீதப் புஸ்தகத்துல இருக்கே! அதே சொல்லுதான். பூமி என்ன தள்ளாடிக்கிட்டா போச்சு? நல்லா நனையறதுக்குப் பேருதான் மெதி. நான் தொண்டையை நனைச்சேன், அவ்வளவுதான்.”

“நனைஞ்ச பூமி நவம்பர்ல ஈஸ்டர் பாடாதுய்யா.”

“சரி, கானா ஊர்க் கல்யாணத்துல? விருந்தாளிங்க மெதி ஆனப்புறந்தானே ஏசு தண்ணியை ஒயினாக்குனார்? அவங்களுக்குப் போதையா, வயிறு நிறைஞ்சுதா? நீங்களே சொல்லுங்க.”

பாதிரியார் மாட்டிக்கொண்டார். போதை என்றால் ஏசுவே குடிகாரர்களுக்கு ஊற்றிக்கொடுத்ததாகிவிடும். வயிறு நிறைந்தது என்றால் மனூசோஸ் ஜெயித்துவிடுவார். மனூசோஸின் மனைவி அர்கிரோதான் குறுக்கே வந்தாள்.

“அர்த்தமெல்லாம் எனக்கு வேணாம். பூட்ஸோட படுத்தா எங்க வீட்ல அதுக்குப் பேரு மெதி. கல்யாணம் முடியிறவரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுய்யா.”

பண்ணினார். ‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்று ஊர் சிரித்தது. ஆனால் மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாவம், அதுதான் வினையாயிற்று.

கல்யாணத்தன்று வறண்ட தொண்டையோடு புத்தகத்தைப் பிரித்தார். ஒயின் இல்லாமல் வரி பிடிபடவில்லை. மணக்கோலத்தில் மகளைப் பார்த்ததும் கண்ணீர் எழுத்தை மறைத்தது. கல்யாண வாசகம் தொடங்கும் இடத்துக்கு இரண்டு வசனம் முன்னாலேயே தொடங்கிவிட்டார். கணீரென்று ஒலித்தது: “ஒயின் குடித்து மெதி கொள்ளாதிருங்கள்!”

வெளியே முற்றத்தில் பீப்பாய்கள் காத்திருந்தன. ஊர் குலுங்கிச் சிரித்தது.

“போச்சு! மனுஷன் காலையிலேயே ஏத்திக்கிட்டான்!”

பாதிரியார் விறுவிறுவென்று வந்து வாயை ஊதச் சொன்னார். ஒரு வாடையும் இல்லை. அவருக்கு நம்பிக்கையும் இல்லை. முன்னெச்சரிக்கையாக வரவழைத்திருந்த டவுன் பாடகருக்குக் கண் காட்டினார். அவர் வந்து புத்தகத்துக்குக் கை நீட்டினார். மனூசோஸ் புத்தகத்தைக் கொடுக்கப் போனார்.

காரிக்லியா திரும்பினாள். “சாமி, எங்கப்பா குடிச்சாலும் உளறுவாரு, குடிக்காட்டியும் உளறுவாரு. அவர் வாசிக்கலேன்னா நான் இப்படியே வீட்டுக்குப் போறேன்.”

மாப்பிள்ளை லெவ்தெரிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அவரே படிக்கட்டும் சாமி!”

“படியும்யா” என்றார் பாதிரியார்.

படித்தார். கடைசி வரி வந்தது: மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்கட்டும். அந்த வரியில், ‘அஞ்சமாட்டேன்’ என்று காட்ட மணப்பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பது ஊர் வழக்கம். ஊரே எட்டிப் பார்க்கும். மற்றவர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் மனூசோஸ் அதைக் குறும்பாக இழுத்து இழுத்துப் பாடுவார். மாப்பிள்ளைகள் காலை இங்குமங்கும் நகர்த்தித் தப்பப் பார்ப்பார்கள். அன்று இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அழுதிருப்பார். மடமடவென்று சொல்லி முடித்துவிட்டார்.

லெவ்தெரிஸுக்குக் காலை நகர்த்த நேரமே கிடைக்கவில்லை. “அம்மா!” என்று அவன் அலறியது பீப்பாய்கள் வரை கேட்டது.