மாத்திரைக்கு நான் போட்ட ஹோல்டு

போன வருஷம் ஆடி மாதம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குகளின் தரத்தைச் சோதிக்கும் வேலை எனக்கு, வீடு உத்தனப்பள்ளியில். மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம். முதல் கரு தங்காமல் போயிருந்ததால், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

அவளுக்குத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் ஹார்மோன் மாத்திரை. அதோடு, கோதுமையில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். களியும் சோறும்தான் சாப்பாடு.

அந்த மாதம் எங்கள் ஊர் மருந்துக்கடையில் வழக்கமான மாத்திரை இல்லை. "கம்பெனிதாங்க வேற, மருந்து அதேதான்" என்று கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்தேன். இரண்டே நாளில் அவளுக்கு வயிற்றுவலி, பேதி. உள்ளே இருந்த தாளைப் பிரித்துப் பார்த்தால் 'ஸ்டார்ச்' என்று மட்டும் போட்டிருந்தது. மக்காச்சோள மாவா, கோதுமை மாவா? ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் சந்தேகமான சரக்கு வந்தால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி வைப்போம். அதற்குப் பெயர் ஹோல்டு. சான்றிதழ் வந்தால்தான் உற்பத்தி லைனுக்குள் விடுவோம். பத்து வருஷப் பழக்கம், சும்மா விடுமா? "பதில் வர்ற வரைக்கும் இதப் போடாத" என்று மாத்திரையை அலமாரி மேல் தூக்கி வைத்தேன். கம்பெனிக்கு மெயில் போட்டேன், போன் செய்தேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஐந்து நாள் ஓடிவிட்டது. ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு!

ஆறாம் நாள் ஓசூரில் செக்கப். டாக்டரம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மாசத்துல குழந்தைக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் அம்மாகிட்ட இருந்துதாங்க போவணும். என்னைக் கேக்காம எப்படி நிறுத்துனீங்க?"

பழைய மாத்திரை அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே இருந்தது. வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்தோம். கல்யாணத்துக்கு முன் அவளும் எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தான். மெதுவாகக் கேட்டாள்: "ஹோல்டு போட்டா, லைன் நிக்காம இருக்க வேற சரக்கு ஏற்பாடு பண்ணுவீங்கல்ல? எனக்கு என்னங்க ஏற்பாடு பண்ணீங்க?"

ஸ்கேன் எடுத்தவர் குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மறுநாள் கம்பெனியின் பதிலும் வந்தது. மக்காச்சோள மாவுதானாம். வயிற்றுவலி வேறு எதனாலோ.

மகள் இப்போது வீடெல்லாம் தவழ்கிறாள். மாத்திரை அட்டை மாறினால் இன்றும் விசாரிக்கிறேன், முதலில் டாக்டரிடம். விசாரித்தது தப்பில்லை, பதில் வரும்வரை வயிற்றில் இருந்தவளைப் பட்டினி போட்டேனே, அந்த ஐந்து நாள்தான் அவள் சிரிக்கும்போதெல்லாம் என்னைக் குத்துகிறது.